தராசு காட்டாத தசமம்: ஒரு கல்வி ஆய்வு பள்ளிக்கும் ஊருக்கும் என்ன செய்ய முடியும்?

0.6 பெரியதா, 0.25 பெரியதா? ஏழாம் வகுப்பில் இதைக் கேட்டால் நிறையப் பிள்ளைகள் 0.25 என்பார்கள். ஆறைவிட இருபத்தைந்து பெரியது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகை விளையும் ஓர் ஊரின் அரசு நடுநிலைப் பள்ளியில் என் பிஎச்.டி. ஆய்வு நடந்தது. அங்கும் இதே விடைதான் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் விடுமுறை நாளில் அப்பாவோடு பூ மண்டிக்குப் போகிறவர்கள். தராசில் 0.600 என்று வந்தால் "அறுநூறு கிராம்" என்பார்கள். அன்றைய விலைக்கு எவ்வளவு வரும் என்று மனத்திலேயே போட்டு, சிட்டையில் எழுதியிருக்கும் தொகை சரியா என்றும் பார்த்துவிடுவார்கள். மண்டியில் தவறாத பிள்ளை வகுப்பில் ஏன் தவறுகிறது? என் ஆய்வு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

நான் பல வருடம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, இப்போது ஒரு பி.எட். கல்லூரியில் வேலை பார்க்கிறேன். எம்.எட்., பிஎச்.டி. செய்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: பள்ளிக்கு உபயோகமாகிற மாதிரி ஆய்வு செய்ய முடியுமா? அப்படிச் செய்தால் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளுமா? இரண்டுக்கும் ஆம் என்பதுதான் என் பதில். எப்படி என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கல்வியியலில் நம் ஊரில் வருகிற ஆய்வேடுகளின் தலைப்புகளை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். "மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் கணித மனப்பான்மைக்கும் அடைவுக்கும் உள்ள தொடர்பு" என்கிற வகைதான் அதிகம் இருக்கும். ஒரு வினாநிரல், முந்நூறு பேர் மாதிரி, ஆண் பெண், கிராமம் நகரம், அரசு தனியார் என்று பிரித்து, இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை. குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கிறது அல்லது இல்லை. பரிந்துரைகளில், ஆசிரியர்கள் புதுமையான முறைகளைக் கையாள வேண்டும் என்று ஒரு வரி. இதற்காக உழைத்தவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு இரவில் உட்கார்ந்து எழுதியவர்கள் அவர்கள். ஆனால் வினாநிரலை நிரப்பிக் கொடுத்த பள்ளிக்கு அந்த ஆய்விலிருந்து ஒன்றும் திரும்பி வருவதில்லை. நான் டீச்சராக இருந்தபோது எங்கள் பள்ளிக்கும் அப்படி ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒரு பாடவேளை வாங்கிக்கொண்டார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. என் ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே அந்தப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியரிடமும் கணக்கு டீச்சரிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு எது வருஷா வருஷம் தலைவலியா இருக்கு?" டீச்சர் யோசிக்கவே இல்லை. "தசமம் மேடம். நல்லாத்தான் நடத்துறேன். கூட்டல் கழித்தல் போடுறாங்க. எது பெருசுன்னு கேட்டா மாத்திச் சொல்றாங்க" என்றார். என் ஆய்வுக் கேள்வியின் முதல் வடிவம் அவர் சொன்னதுதான். ஆய்வாளருக்குத் தோன்றும் கேள்வியைவிட, ஒரே பாடத்தைப் பத்து வருடம் நடத்தியவருக்கு உறுத்தும் கேள்வி கூர்மையாக இருக்கும்.

அதற்குப் பிறகு நூலகத்துக்குப் போனேன். பல்கலைக்கழக ஆய்வு எவ்வளவு நேரடியாக ஒரு வகுப்புக்கு உதவும் என்பது எனக்கு அங்கேதான் முழுசாகப் புரிந்தது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி இருவரும் 3,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் தசம எண் ஜோடிகளைக் கொடுத்து, எது பெரியது என்று மட்டும் கேட்டு, பல வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். தவறு ஏதோ கவனக்குறைவால் வருவதில்லை, அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. 4.8, 4.63 என்ற ஜோடியில் 4.63 பெரியது என்று சொல்கிற பிள்ளை, நீளமான தசமம், அதாவது புள்ளிக்குப் பின் இலக்கம் அதிகம் உள்ளது, எல்லாமே பெரியது என்று நினைக்கிறது. 5.736, 5.62 என்ற ஜோடியில் 5.62 பெரியது என்கிற பிள்ளை இதற்கு நேர் எதிர். ஆயிரத்தில் பங்கு சின்னது, நூறில் பங்கு பெரியது, ஆகவே இலக்கம் குறைந்ததே பெரியது என்று எங்கேயோ கேட்டதைப் பாதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வகையும் உண்டு. தசமத்தை ரூபாய் பைசாவாக மட்டும் பார்க்கும் பிள்ளை 4.45, 4.4502 இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும், ஏனென்றால் பைசாவுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இதன் அருமை என்னவென்றால், வெறும் எட்டு ஜோடியை நன்றாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் போதும், ஒரு பாடவேளைக்குள் வகுப்பில் எந்தப் பிள்ளை எப்படி நினைக்கிறது என்று தெரிந்துவிடும். மதிப்பெண் போட்டால் நீளமானது பெரியது என்கிற பிள்ளையும் குட்டையானது பெரியது என்கிற பிள்ளையும் எட்டுக்கு நான்கு வாங்கி ஒரே இடத்தில் நிற்பார்கள். அவர்களுக்குத் தேவையான பாடமோ முற்றிலும் வேறு. ஒருவருக்குச் சொல்லும் விளக்கம் மற்றவரின் தவறை இன்னும் கெட்டியாக்கிவிடும்.

நாங்கள் அந்த எட்டு ஜோடியைக் கொடுத்தோம். அப்புறம் பிள்ளைகளை ஒவ்வொருவராக வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, "எப்படிச் சொன்னே, எனக்குச் சொல்லித் தா" என்று கேட்டோம். அதுதான் ஆய்வின் உயிர் என்பேன். ஒரு பையனிடம் 0.6, 0.25 கேட்டேன். 0.25 என்றான். "மண்டித் தராசுல எப்பவாச்சும் 0.6-ன்னு வந்திருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "வராது டீச்சர். அறுநூறுன்னாத்தான் வரும்" என்றான்.

மண்டியில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு எப்போதும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் காட்டும். 0.600, 0.250, 4.650. சிட்டையிலும் அப்படியே எழுதுகிறார்கள். ஆக அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் பார்த்த தசமங்கள் எல்லாம் ஒரே நீளம். ஒரே நீளமாக இருந்தால் புள்ளியை மறந்துவிட்டு முழு எண்ணாகவே ஒப்பிடலாம், விடை ஒருபோதும் தப்பாது. மண்டியில் அவர்கள் திறமைசாலிகள் என்பது உண்மை. ஆனால் தசமத்தின் சிக்கலான இடம் மண்டியில் அவர்கள் கண்ணில் படவே இல்லை. தராசே அதைச் செய்து முடித்துவிடுகிறது. பாடநூலில்தான் முதல்முறையாக நீளம் மாறிய தசமங்கள் வருகின்றன. அங்கே அவர்கள் கையில் இருக்கும் ஒரே வழி, மண்டியில் வேலை செய்த வழி.

இதைக் கண்டபோது எனக்கு பிரேசிலில் ரெசிஃபி நகரத்தில் நடந்த ஆய்வு நினைவுக்கு வந்தது. 1985-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் தெரேசின்யா நூனஸ், டேவிட் கரஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர்களை ஆராய்ந்திருந்தார்கள். வியாபாரத்தின்போது 98 சதவீதம் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே கணக்கைக் காகிதத்தில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். தேங்காய் விற்ற ஒரு சிறுவன், ஒன்று 35 வீதம் நான்குக்கு 140 என்று தெருவில் சரியாகச் சொன்னான். 35-ஐ நான்கால் பெருக்கு என்று காகிதத்தில் கேட்டபோது 200 என்று எழுதினான். நம் நாட்டிலும் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இதைப் பெரிய அளவில் பார்த்து 2025-இல் வெளியிட்டார்கள். சந்தைக் கணக்கு பள்ளிக்கு வரவில்லை. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளின் கணக்கும் சந்தைக்கு உதவவில்லை. இரண்டாவது பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் அரிந்தம் போஸும் கே. சுப்ரமணியமும் தாராவியில் வீட்டுத் தொழில்களில் இருக்கும் பிள்ளைகளின் கணக்கறிவை ஆராய்ந்ததும் எனக்கு வழிகாட்டியாக இருந்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது நிறைய, ஆனால் அது துண்டு துண்டாக இருக்கிறது. எந்த வேலையில் எவ்வளவு ஈடுபடுகிறார்களோ அதைப் பொறுத்து மாறுகிறது. ஆகவே "ஊர்க் கணக்கு இருக்கிறது, அதை வைத்து நடத்துங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது போதாது. எந்தப் பிள்ளைக்கு எந்தத் துண்டு தெரியும் என்று பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பிலேயே தராசைப் பார்த்த பிள்ளைகள் வேறு, வீட்டில் பூ கட்டும் பிள்ளைகள் வேறு. கட்டுகிறவர்களுக்கு முழம்தான் கணக்கு. கிலோ அவர்களுக்குத் தூரம்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். டீச்சரும் நானும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். முதல் படி, தராசு மொழி. பாடநூலில் 0.6 என்று இருந்தால், தராசு இதை எப்படிக் காட்டும் என்று எழுதச் சொன்னோம். 0.600 என்று எழுதியதும் பெரும்பாலோருக்கு விடை தானே வந்தது. பிள்ளைகளின் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்து டீச்சர் இங்கேயே நிறுத்திவிடலாமா என்றார். நிறுத்தக் கூடாது என்று ஆய்வுகள் எச்சரித்திருந்தன. பூஜ்யம் சேர்த்து நீளத்தைச் சமமாக்குவது ஒரு தந்திரமாகவே தங்கிவிடும். பிள்ளை இன்னும் முழு எண்ணைத்தான் ஒப்பிடுகிறது. கிராமோடு தசமம் முடிந்துவிடும் என்ற எண்ணமும் வரும், பைசாவோடு முடிவதுபோல.

ஆகவே இரண்டாவது படி. மெல்போர்ன் குழுவினரே நீளத்தை அடிப்படையாக வைத்து ஒரு கருவி செய்து பார்த்து, அது கனசதுரக் கட்டைகளைவிட நன்றாக வேலை செய்தது என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் பி.வி.சி. குழாய் வாங்கினோம். ஒரு நீளக் குழாய் 'ஒன்று'. அதே நீளத்தைப் பத்தாக வெட்டிய துண்டு பத்தில் ஒன்று. அந்தத் துண்டை மறுபடி பத்தாக வெட்டியது நூறில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்றுக்கு மெல்லிய வாஷர். எல்லாவற்றையும் ஒரு கம்பியில் கோக்கலாம். அளவு ஒரு மீட்டர்தான், ஆனால் வகுப்பில் மீட்டர் என்று சொல்லவே இல்லை. சொன்னால் பிள்ளைகள் சென்டிமீட்டராக மாற்றி மறுபடி முழு எண்ணுக்குப் போய்விடுவார்கள். 0.6-க்கு ஆறு துண்டு கோத்தார்கள். 0.25-க்கு இரண்டு துண்டும் ஐந்து சின்னத் துண்டும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வாதமே இல்லை. வாஷரை இன்னும் பத்தாக வெட்டினால் என்ன என்று ஒரு சிறுமி கேட்டாள். பக்கத்து டவுன் நகைக்கடைத் தராசைப் பற்றிப் பேச்சு போனது. அங்கே கிராமுக்கே புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். அப்போது கிலோவில் எழுதினால் ஆறு இலக்கம் வருமே என்று அவளே சொன்னாள். அந்த நிமிடம் அந்த வகுப்பில் தசமத்துக்கு முடிவு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இன்னொரு சின்ன மாற்றமும் செய்தோம். 0.25-ஐ "பூஜ்யம் புள்ளி இருபத்தைந்து" என்று வாசிப்பதை வகுப்பில் எல்லோரும் விட்டோம், டீச்சர் உட்பட. இரண்டு, ஐந்து என்று தனித்தனியாகவே வாசித்தோம்.

என்ன நடந்தது என்று கேட்டால், நீளமானது பெரியது என்ற எண்ணம் பெரும்பாலான பிள்ளைகளிடம் போய்விட்டது. சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, குட்டையானது பெரியது என்றார்கள். அவர்களோடு குழாயை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது. கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது சிலர் பழைய இடத்துக்கே போயிருந்தார்கள். அதையும் ஆய்வேட்டில் எழுதினேன். ஒரு டீச்சருக்கு இது மிக முக்கியமான தகவல்: ஜூன் மாதத்தில் ஒரு பாடவேளை இதற்காக ஒதுக்க வேண்டும் என்று அவர் அன்றே குறித்துக்கொண்டார்.

இனி ஊர்ப் பக்கம். பிள்ளைகளின் வீட்டுக்குப் போனபோது பெற்றோர் முகத்தில் ஒரு தயக்கம். ஓர் அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "புள்ள பூப்பறிக்குதுன்னு எழுதிருவீங்களா டீச்சரம்மா? ஆபீசருங்க வருவாங்களா?" இது நியாயமான பயம். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. அபாயமான வேலை கூடாது, படிப்பு கெடக் கூடாது. இதை எளிமையாகச் சொன்னேன். பெயரோ, தெருவோ, அடையாளம் தெரிகிற எதுவுமோ எழுத மாட்டேன் என்று சொன்னேன். எதை எழுதுவேன் என்பதையும் சொன்னேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதைச் சடங்காகச் செய்யக் கூடாது. படிவத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டி, "வேண்டாம்னா சொல்லிருங்க, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, சொல்லிவிட்டு ஒரு நாள் விட்டு வந்து வாங்குங்கள். இரண்டு வீடுகள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் பாடம் நடந்தது, ஆய்வில் மட்டும் சேர்க்கவில்லை.

வருகைப் பதிவைப் பாடவேளை வாரியாக எடுத்தபோது வேறொன்று வெளியே வந்தது. மல்லிகை வெயில் காலத்துப் பூ. பங்குனி சித்திரையில் செடி கொள்ளாமல் பூக்கும், விடிவதற்குள் பறித்தால்தான் விலை. அந்த மாதங்களில் முதல் பாடவேளைக்குப் பிந்தி வரும் பிள்ளைகள் யார் என்று பார்த்தால், தசமத்தில் மிகவும் தடுமாறிய பிள்ளைகளின் பெயரே மறுபடி மறுபடி வந்தது. முதல் பாடவேளை என்ன? கணக்கு. காலையில் மூளை சுறுசுறுப்பாக இருக்கும் என்று எல்லாப் பள்ளியிலும் வைப்பதுதான். தலைமையாசிரியரிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் அடுத்த வாரமே கணக்கை மூன்றாவது பாடவேளைக்கு மாற்றினார். செலவு ஒன்றும் இல்லை, மேலிடத்து அனுமதியும் தேவைப்படவில்லை. என் ஆய்வில் பிள்ளைகளுக்கு அதிக நன்மை செய்தது எது என்று யாராவது கேட்டால், குழாயைவிட இந்த நேர அட்டவணை மாற்றத்தைத்தான் முதலில் சொல்வேன். பிந்தி வருவதற்கான காரணத்தையும் ஊரில் பேச வேண்டும், பேசினோம். ஆனால் அது ஒரே நாளில் மாறாது. அட்டவணை மாறும்.

முடிவுகளைப் பெற்றோரிடம் சொல்ல பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறது. அங்கேயும் சொன்னோம். ஆனால் பூ கட்டும் பெண்கள் அந்த நேரத்துக்கு வர முடியாது. மதியத்துக்கு மேல் அவர்கள் கூடி உட்கார்ந்து கட்டுகிற கோயில் மண்டபத்துக்கே போனோம். கை கட்டிக்கொண்டே இருக்க, காது எங்களிடம். அட்டவணையும் சதவீதமும் இல்லாமல், பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைக் குழாயையும் வாஷரையும் வைத்துக் காட்டினோம். அவர்கள் பிள்ளைகளே எழுந்து விளக்கினார்கள். அதன்பின் அவர்கள் எங்களைக் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. "எடை போட்டுத்தான் பூவைக் குடுக்குறாங்க. கட்டுன கூலியும் கிலோ கணக்கு. குடுக்குற எடை சரிதானான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். பள்ளியில் இருந்த தராசை முதலில் தெரிந்த எடைக் கற்களை வைத்துச் சரிபார்த்தார்கள். பிறகு வீட்டுக்கு வரும் பூவைக் கட்டுவதற்கு முன் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதினார்கள். சில நாள் சரியாக இருந்தது, சில நாள் குறைந்தது. பூ வாடும்போது ஈரம் போய் எடை குறையும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அறிவியல் சார் சொல்ல, ஒரு பாத்திரம் பூவை மணிக்கு ஒருமுறை எடை போட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு குறைவு வாடலால், எவ்வளவு குறைவு வேறு காரணத்தால் என்று பிரிக்கத் தெரிந்தது. யார் மீதும் புகார் எழுதவில்லை. பெண்கள் செய்தது ஒன்றுதான்: பூவை வாங்கும்போதே எடையை நோட்டில் எழுதி, கொடுக்கிறவரிடம் காட்டுவது. அதற்குப் பிறகு வித்தியாசம் பேச்சாக வரவில்லை. பின்னம், சதவீதம், தசமம், அளவீட்டுப் பிழை எல்லாம் அந்த ஒரு நோட்டில் இருந்தது. அதைவிட நல்ல கணக்குப் பாடம் நான் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகப் பக்கம் என்ன சொன்னார்கள்? என் கைடு நல்லவர், ஆனால் முதலில் தயங்கினார். ஒரே பள்ளியை வைத்து என்ன பொதுமைப்படுத்துவாய், கருதுகோள் எங்கே என்றார். கேள்வி நியாயமானதுதான். நான் இரண்டு பகுதியாகப் பிரித்தேன். எட்டு ஜோடித் தேர்வைச் சுற்றுவட்டாரப் பள்ளிகள் பலவற்றில் நடத்தி, எந்த வகைத் தவறு எவ்வளவு என்று பார்ப்பது முதல் பகுதி. அதில் எண்ணிக்கை, சோதனை எல்லாம் இருக்கிறது. ஒரே பள்ளியில் ஆழமாக இறங்குவது இரண்டாம் பகுதி. முதல் பகுதி நோயின் பரவலைச் சொல்லும், இரண்டாவது வைத்தியத்தை. இந்த அமைப்பில் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்கு ஆட்சேபம் இல்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் அதிக நேரம் கேட்டது வேப்பமரத்தடிப் பேச்சுகளைப் பற்றித்தான்.

பெரிய மாதிரி வைத்துச் செய்யும் ஆய்வு தேவையில்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பொருளியலாளர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இல்லாவிட்டால், 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகள் உண்மையில் என்ன செய்தன என்று நமக்குத் தெரிந்திருக்காது. 2021 டிசம்பரில் பிள்ளைகள், 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் கிட்டத்தட்ட கால் பங்கு அந்த மாலை வகுப்புகளால் என்று அவர்கள் கணித்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு வீட்டுத் திண்ணையில் வகுப்பெடுத்த நம் ஊர்ப் பெண்களின் உழைப்புக்கு இந்த ஆய்வு ஒரு சாட்சி. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அரசுக்கு அந்த அளவிலான ஆய்வு வேண்டும். ஏழாம் வகுப்பு டீச்சருக்கு நாளைக் காலை என்ன செய்வது என்று சொல்ல, பக்கத்தில் உட்காரும் ஆய்வு வேண்டும்.

அப்படி உட்கார்வதற்கு முன்னோடிகளும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கிராமத்துப் பள்ளிகளுக்கே வந்து, ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் எழுதி, நடத்திப் பார்த்து, திருத்தினார்கள். அது 2002 வரை நடந்தது. இயற்பியல் பேராசிரியர் ஒருவர் ஆறாம் வகுப்புப் பாடத்துக்காக உழைப்பதைத் தன் ஆய்வு வாழ்க்கைக்கு இழுக்காக நினைக்காத காலம் ஒன்று இருந்தது. நம் கல்லூரிகளில் அதை மறுபடி கொண்டுவர முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் சில நடைமுறைச் சங்கதிகள். முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம் வாங்குவதற்கு நேரம் பிடிக்கும், அதைக் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே ஆரம்பியுங்கள். டீச்சருக்கு ஒரு பதிவேடுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். எமிஸ் என்கிற அரசின் பள்ளி விவர இணையதளத்தில் பதிவேற்றம், அது இது என்று அவர்களுக்கு ஏற்கெனவே எழுத நிறைய இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள், அவர் பார்த்துத் திருத்தட்டும். நீங்கள் வெளியிடும் கட்டுரையில் அவர் பெயரையும் ஆசிரியராகப் போடுங்கள், சம்மதம் கேட்டு. எங்கள் டீச்சர் அந்தக் கட்டுரையை வட்டார வள மையப் பயிற்சியில் தானே எடுத்துச் சொன்னார். நான் சொன்னால் "காலேஜ் மேடம் சொல்றாங்க" என்று போயிருக்கும். அவர் சொன்னபோது மற்ற டீச்சர்கள் குழாய் எந்தக் கடையில், என்ன விலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ஆய்வேட்டைத் தவிர இன்னொன்றும் எழுதுங்கள்: நான்கே பக்கம், தமிழில், டீச்சருக்கு. எட்டு ஜோடிகள், எந்த விடை எதைக் காட்டுகிறது, அடுத்து என்ன செய்யலாம். என் ஆய்வேட்டை எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த நான்கு பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றி, எனக்குத் தெரியாத பள்ளியிலிருந்தெல்லாம் போன் வந்தது. அதில் வந்த கேள்விகளை வைத்து இரண்டாம் பதிப்பு போட்டோம்.

பட்டம் வாங்கியபின்பும் அந்தப் பள்ளிக்குப் போகிறேன். இப்போது என் எம்.எட். மாணவி ஒருவர் அங்கே அடுத்த வேலையைத் தொடங்கியிருக்கிறார். அதையும் ஊரே கொடுத்தது. செடிக்கு மருந்தடிக்கும்போது டேங்குக்கு எத்தனை மில்லி என்று டப்பாவைப் பார்த்து வாசித்துச் சொல்வது பல வீடுகளில் பிள்ளைகள்தான். லிட்டருக்கு இவ்வளவு என்று போட்டிருப்பதைப் பத்து லிட்டர் டேங்குக்கு மாற்றத் தெரிகிறதா, லேபிளில் இருக்கும் முக்கோணத்தில் சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, பச்சை என்றால் அவற்றில் குறைந்தது என்று வீட்டில் யாருக்காவது தெரிகிறதா என்று பார்க்கப் போகிறார். கேள்விகளை அறிவியல் சாரும் பூ விவசாயிகள் நால்வரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காலி டப்பாக்களைக் கழுவிக் குடத்துக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறார்களா என்ற கேள்வியைச் சேர்க்கச் சொன்னது ஒரு விவசாயிதான். அது எங்கள் வரைவில் இல்லாமல் இருந்தது.